42 ஊக்கு, ஒரு வளையல்... கோர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுடலாமா?

உங்க வீட்டுல மொத்தம் எத்தனை ஊக்கு இருக்கும்? யோசிச்சுப் பாருங்க. அம்மாவோட வளையல்ல ரெண்டு தொங்கும், தாலிச் சரட்டுல மூணு கோர்த்திருக்கும், கண்ணாடி ஓரத்துல ஒண்ணு, ஹேண்ட்பேக்கோட உள் ஜிப்புல ஒரு கொத்து. ஆனா, கல்யாணத்துக்குக் கிளம்புற அவசரத்துல முந்தானை மடிப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கத்தும்போது மட்டும் ஒண்ணுகூடக் கையில சிக்காது.

உத்திரமேரூர் பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கிற எங்க சித்தி வீட்டுல அந்தப் பிரச்னையே இல்லை. போன மாசம் போயிருந்தப்போ, அலமாரியில துணி எடுக்கத் திறந்தேன். ஒரு ஸ்வீட் பாக்ஸ் சரிஞ்சு விழுந்தது. உள்ளே ஆயிரத்துக்கும் மேல ஊக்கு. கூடவே கலர் கலரா மணி, எலாஸ்டிக் நூல், பாதி கோர்த்த வளையல்கள்.

"என்ன சித்தி, ஊக்குக் கடை வைக்கப் போறியா?"

சித்தி சிரிக்கலை. "அத்த உள்ள வைம்மா"ன்னு மட்டும் சொல்லுச்சு. ராத்திரி சாப்பிட்ட அப்புறம்தான் விஷயம் வெளியில வந்தது. 'வீட்டிலிருந்தபடியே மணி கோர்க்கும் வேலை, மாதம் 15,000 ரூபாய்'னு வாட்ஸ்அப்ல ஒரு விளம்பரம். 2,500 ரூபா 'பதிவுக் கட்டணம்' கட்டினா பொருள் எல்லாம் பார்சல்ல வரும், கோர்த்து அனுப்பினா ஒரு வளையலுக்கு இத்தனை ரூபான்னு கூலி வரும்னு சொல்லியிருக்காங்க. பார்சல் வந்திருக்கு. சித்தி ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இருபது வளையல் கோர்த்து, கூரியர் செலவும் கைக்காசுல போட்டு அனுப்பியிருக்கு. பத்து நாள் கழிச்சு 'தரம் சரியில்லை'ன்னு ஒரு மெசேஜ். அதோட அந்த நம்பர் அணைஞ்சு போச்சு. சித்தப்பாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. "எழுதுறதா இருந்தா எழுது, எம் பேரைப் போட்டுடாத"ங்கிறதுதான் ஒரே கண்டிஷன்.

ஏமாந்த கதை பழசுதான். எனக்கு உறுத்தினது வேற ஒண்ணு. அந்தப் பெட்டியில இருந்த பாதி வளையலை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு அழகு. தரம் இல்லைன்னு சொன்னவன் அதைப் பிரிச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டான். அதனால மறுநாள் காலையில, அந்தப் பெட்டியை நடுவுல வெச்சுக்கிட்டு நானும் சித்தியும் உட்கார்ந்தோம். எனக்கு எப்படிக் கோர்க்கிறதுன்னு கத்துக்கணும். சித்திக்கு, இதுல உண்மையிலயே காசு இருக்கா இல்லையான்னு தெரியணும். உங்களுக்கும் ரெண்டும் தெரியட்டுமே!

கடைக்குப் போகும்போது ஒரு ஊக்கைக் கையில எடுத்துட்டுப் போங்க

முதல்ல ஊக்கு. ஃபேன்ஸி ஸ்டோர்ல கொத்தாத் தொங்குமே, அதுல பல அளவு கலந்திருக்கும். நமக்கு எல்லாமே ஒரே அளவு வேணும். சுமார் 27 மில்லிமீட்டர், அதாவது ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் அதிகமான நீளம்தான் வளையலுக்குச் சரி. அதைவிடப் பெருசு போனா கையில கவசம் போட்ட மாதிரி இருக்கும். வாங்கும்போது ஊக்கோட தலையைக் கவனிங்க. அந்தத் தகட்டு மூடியில சின்னதா ஒரு ஓட்டை தெரியும். அதுவழியாத்தான் எலாஸ்டிக் போகணும். சில ஊக்குல அந்த ஓட்டை இருக்காது. அப்போ தலைக்குக் கீழே, ரெண்டு கம்பிக்கும் நடுவுல நூலை விட்டுச் சமாளிக்கலாம். ஆனா ஓட்டை உள்ளதுதான் நேரா நிக்கும்.

அடுத்தது மணி. கடைக்காரங்க 'சீட் பீட்ஸ்'னு சொல்வாங்க. நம்ம ஊர்ல பாசிமணி. 2 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர்னு அளவு உண்டு. 2 மில்லிமீட்டர் மணி பார்க்க நகாசா இருக்கும். ஆனா பல நேரம் ஊக்குக் கம்பி அதோட ஓட்டையில நுழையாது. நூத்துக்கணக்கான மணியை வாங்கிட்டு வந்து வீட்டுல உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்கிறது பெரிய கொடுமை (சித்திக்கு வந்த பார்சல்ல பாதி அந்த ரகம்தான்). அதனாலதான் ஒரு ஊக்கைக் கையோட எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றேன். அங்கேயே நாலு மணியைக் கோர்த்துப் பார்த்துட்டு வாங்குங்க. முதல் தடவை செய்றவங்களுக்கு 3 மில்லிமீட்டர்தான் நல்லது. ஒரு கிராமுக்குச் சுமார் 40 மணி நிக்கும்.

சாயம் போற மணியையும் கண்டுபிடிக்கலாம். வீட்டுக்கு வந்ததும் பஞ்சுல நெயில் பாலிஷ் ரிமூவரை நனைச்சு நாலு மணியைத் தேய்ங்க. பஞ்சுல கலர் ஏறினா, நம்ம ஊர் வேர்வைக்கு அது தாங்காது. கண்ணாடி மணியில, கலர் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிற ரகம்னா அந்தக் கவலை இல்லை.

இது தவிர எலாஸ்டிக் நூல், மூக்குக் குறடு, நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. அவ்வளவுதான்.

ரேக்கு பார்டரைக் கையில கட்டலாம்

என்ன டிசைன் போடலாம்னு யோசிச்சப்போ சித்தியோட கல்யாணப் புடவைதான் ஞாபகம் வந்தது. காஞ்சிபுரம் பட்டுப் புடவை பார்டர்ல கோபுரம் கோபுரமா முக்கோணம் ஏறி இறங்குமே, ரேக்குன்னு சொல்வாங்களே, அது. ஊக்கு வளையல்ல ஒவ்வொரு ஊக்கும் ஒரு செங்குத்துக் கோடு. பக்கத்துல பக்கத்துல நிக்கும்போது அதுல ஏறி இறங்குற எந்த டிசைனும் வரும். அரக்குக் கலர் கோபுரம், மாம்பழ மஞ்சள் பின்னணி.

ஒரு ஊக்குக்கு எட்டு மணி. முதல் ஊக்குல 1 அரக்கு, 7 மஞ்சள். ரெண்டாவதுல 2 அரக்கு, 6 மஞ்சள். மூணாவதுல 3-க்கு 5. நாலாவதுல 4-க்கு 4, அதுதான் கோபுரத்தோட உச்சி. அஞ்சாவது திரும்ப 3-க்கு 5, ஆறாவது 2-க்கு 6. இந்த ஆறு சேர்ந்தா ஒரு கோபுரம். நடுத்தரமான மணிக்கட்டுக்கு ஏழு கோபுரம், அதாவது 42 ஊக்கு சரியா இருக்கும். கை கொஞ்சம் பூசினாப்புல இருந்தா இன்னொரு ஆறு சேர்த்துக்கோங்க. 42 ஊக்குன்னா அரக்கு 105, மஞ்சள் 231. இது தவிர ஊக்குக்கு ஊக்கு நடுவுல இடைமணி 84 வேணும். மொத்தம் 420 மணி, பத்து, பதினொரு கிராம்.

இப்போ நான் சொதப்பின இடத்துக்கு வர்றேன். கவனமாப் படிங்க.

ஊக்கோட தலை அகலம், வால்ல இருக்கிற சுருள் ஒல்லி. எல்லா ஊக்கையும் ஒரே பக்கமா நிறுத்தினா வளையல் பூசணிப்பூ மாதிரி ஒரு பக்கம் விரியும். அதனால ஒண்ணு நேரா, அடுத்தது தலைகீழா, மறுபடி நேரான்னு மாத்தி மாத்தி வைக்கணும். இது எல்லாருக்கும் தெரியும்னு வைங்க. ஆனா தலைகீழா வைக்கப் போற ஊக்குல மணியையும் தலைகீழாக் கோர்த்திருக்கணுமே! முதல்ல கோர்க்கிற மணி சுருள் பக்கம் போய் உட்காரும். அதனால 1, 3, 5-ன்னு ஒற்றைப்படை ஊக்குல அரக்கை முதல்ல, மஞ்சளை அப்புறம். 2, 4, 6-ன்னு இரட்டைப்படை ஊக்குல மஞ்சளை முதல்ல, அரக்கை அப்புறம். நான் இதை மறந்துட்டு 42-ஐயும் ஒரே மாதிரி கோர்த்து வெச்சேன். கோபுரத்துக்குப் பதிலா கோழி கிளறின மாதிரி வந்தது. "ஏம்மா, பேப்பர்ல எழுதுற பொண்ணு, எண்ணத் தெரியலியா?"ன்னு சித்தி சிரிச்சது பாருங்க, ரெண்டு நாள்ல அதுதான் முதல் சிரிப்பு.

நல்லவேளையா நான் அதுவரைக்கும் ஊக்கை நசுக்கலை. நசுக்கிறதுன்னா? மணி கோர்த்து மூடின அப்புறம், குறடால தலையை லேசா அழுத்தி, திரும்பத் திறக்காதபடி பண்ணணும். அதைச் செய்யாம விட்டா எப்போ வேணா திறந்து கையைக் குத்தும். நசுக்கிட்டா அப்புறம் மாத்த முடியாது. அதனால எல்லாத்தையும் கோர்த்து, ஒரு துண்டு மேல வரிசையா அடுக்கி, கோபுரம் சரியா ஏறி இறங்குதான்னு பார்த்துட்டு அப்புறம் குறடை எடுங்க.

எலாஸ்டிக் ரெண்டு இழை. ஒவ்வொண்ணையும் கோர்க்கிறதுக்கு முன்னாடி நாலைஞ்சு தடவை நல்லா இழுத்து விடுங்க. இல்லைன்னா போட்ட ஒரே வாரத்துல வளையல் தொளதொளன்னு ஆகிடும். மேல் இழை முதல் ஊக்கோட தலை ஓட்டை, ஒரு இடைமணி, அடுத்த ஊக்கோட சுருள், ஒரு இடைமணின்னு போகும். கீழ் இழை இதுக்கு நேரெதிர். மணி உள்ள கம்பி வெளிப்பக்கம், வெறும் கம்பி மணிக்கட்டுப் பக்கம் இருக்கணும். முடிச்சுப் போடும்போது முதல் சுற்றை ரெண்டு தடவை முறுக்கி இறுக்குங்க, அப்புறம் சாதா முடிச்சு. மேல ஒரு சொட்டு நெயில் பாலிஷ். ஃபெவிக்விக் மாதிரியான பசை வேண்டாம். அது எலாஸ்டிக்கை மொறுமொறுப்பாக்கி, கொஞ்ச நாள்ல அறுத்துடும்.

எனக்கு முதல் வளையலுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. சித்திக்கு ரெண்டரை. இந்த ரெண்டரையை மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல தேவைப்படும்.

15 டாலர் கடனும் 400 டாலர் ஊக்கும்

ஊக்கோட கதையிலயும் ஒரு விலை தப்பு இருக்கு. இன்னிக்கு நாம பயன்படுத்துற, சுருளும் தலை மூடியும் உள்ள ஊக்குக்கு அமெரிக்காவின் வால்டர் ஹன்ட் 1849-ம் ஆண்டு ஏப்ரல் 10-ம் தேதி காப்புரிமை பெற்றார். அந்தப் பத்திரத்தில் அதற்கு அவர் வைத்த பெயர், உடை ஊக்கு. 15 டாலர் கடனை அடைக்க வழி தேடி, கையில் இருந்த ஒரு துண்டுக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை என்பார்கள். உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். கடன் அடைந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க விற்ற கோடிக்கணக்கான ஊக்குகளில் அவருக்கு ஒரு பைசா பங்கு கிடையாது.

அவருக்கு முன்னாடியே ரோமானியர்கள் தோளில் துணியைச் செருகி வைக்க 'ஃபிபுலா'ன்னு ஒரு வகை ஊக்கு வெச்சிருந்தாங்க. அதே ரோமானிய உலகத்தோட வணிகம் நடந்த இடம்தான் புதுச்சேரிக்குப் பக்கத்துல இருக்கிற அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த ஊர். அங்கே கிடைச்சவற்றுல முக்கியமானது பொடிப் பொடியான கண்ணாடி மணிகள். உருக்கின கண்ணாடியைக் குழாயா இழுத்து, துண்டு துண்டா நறுக்கிச் செய்றது. இந்த வகை மணிகள் கிழக்கே தென்கிழக்கு ஆசியா வரைக்கும் கிடைக்கிறதால 'இந்தோ-பசிபிக் மணி'ன்னே பெயர். திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில அந்தக் குழாய் இழுக்கிற முறை நம்ம காலம் வரைக்கும் தொடர்ந்து வந்திருக்கு. ஆக, சித்தியோட ஸ்வீட் பாக்ஸ்ல இருக்கிற மணிக்கு ஊக்கைவிட வயசு அதிகம்.

ஊக்கு அலங்காரம் ஆனது எப்போன்னு பார்த்தா, 1970-கள்ல லண்டன் பங்க் இசைக் கூட்டம் கிழிஞ்ச சட்டையில ஊக்கைக் குத்திக்கிட்டுத் திரிஞ்சது. 1980-கள்ல அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகள் மணி கோர்த்த ஊக்கை ஃப்ரெண்ட்ஸுக்குக் கொடுத்து, ஷூ லேஸ்ல மாட்டிக்கிட்டாங்க. 1994-ல் எலிசபெத் ஹர்லி, பக்கவாட்டுல தங்க நிற ஊக்குகள் வெச்ச வெர்சாச்சே கறுப்பு உடையில ஒரு பட விழாவுக்கு வந்து பேசுபொருள் ஆனார். நம்ம ஊர் அம்மாக்கள் தாலிச் சரட்டுல ஊக்கை மாட்டிக்கிட்டு இருந்ததை யாரும் ஃபேஷன்னு சொல்லலை. (பஸ்ல நெரிசல்ல நிக்கும்போது அந்த ஊக்கு வேற எதுக்கெல்லாம் உதவும்ங்கிறதை உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன?)

இப்போ கணக்கு

உத்திரமேரூர்னு சொன்னாலே பாடப்புத்தகத்துல படிச்ச குடவோலை முறை ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அதுல பலருக்கும் மறந்து போற ஒரு விதி உண்டு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாம போனவரும், அவரோட நெருங்கிய உறவினர்களும் திரும்பத் தேர்தலுக்கு வரவே முடியாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே கணக்குல அவ்வளவு கறார் காட்டின ஊர். அந்த ஊர்ப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு நாங்க மட்டும் கணக்கு போடாம இருந்தா எப்படி?

ஒரு பழைய நோட்டை எடுத்தோம். கீழே வர்ற விலை எல்லாம் உதாரணத்துக்குத்தான். நீங்க வாங்குற இடத்துல என்ன விலையோ அதைப் போட்டுக்கோங்க. ஊக்குக்கு 30 ரூபா, மணிக்கு 35, எலாஸ்டிக், நெயில் பாலிஷ்னு மத்த செலவுக்கு 15. மொத்தம் 80. வளையலை 150 ரூபாய்க்கு விக்கிறோம்னு வைங்க. "எழுபது ரூபா லாபம்!"னு சித்தி சொல்லுச்சு. யூடியூப்லயும் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அந்த எழுபது ரூபா லாபம் இல்லை, ரெண்டரை மணி நேரத்துக்கான கூலி. வகுத்துப் பார்த்தா மணிக்கு 28 ரூபா.

சித்தி நூறு நாள் வேலைக்குப் போன கை. அதனால அந்தக் கணக்கை எடுத்தேன். 2025-26 நிதியாண்டுக்கு தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச நாள் கூலி 336 ரூபா. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 42. ஆக, நிழல்ல உட்கார்ந்து கண்ணு நோகக் கோர்க்கிற வளையல், வெயில்ல மண்ணு வெட்டுறதைவிடக் குறைவாக் கொடுக்குது. அந்த 42 ரூபாயாவது வரணும்னா, 80-ஓட ரெண்டரை மணி நேரத்துக்கான 105-ஐச் சேர்த்து 185 ரூபாய்க்கு விக்கணும். அதுவும் நேரா போடுறவங்க கையில. ஃபேன்ஸி ஸ்டோர்ல கொடுத்தா, 150-க்கு விக்கிற பொருளை அவங்க நம்மகிட்ட 100 ரூபாய்க்குக் கேப்பாங்க. அப்போ கூலி மணிக்கு 8 ரூபா.

சித்தி ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்போ அவன் மாசம் பதினஞ்சாயிரம்னது?"

அதையும் வகுத்தோம். மணிக்கு 28 ரூபா கூலியில 15,000 சம்பாதிக்கணும்னா மாசத்துக்கு 535 மணி நேரத்துக்கு மேல கோர்க்கணும். முப்பது நாளும் லீவே இல்லாம, தினமும் கிட்டத்தட்ட 18 மணி நேரம். விளம்பரம் பொய்ன்னு கண்டுபிடிக்க போலீஸே தேவையில்லை, ஒரு வகுத்தல் போதும். முன்பணம் கேக்குற எந்த வீட்டு வேலை விளம்பரத்துக்கும் இதே வகுத்தலைப் போட்டுப் பாருங்க. வேலை கொடுக்கிறவங்க கூலி தரணும், நம்மகிட்ட கட்டணம் வாங்கக் கூடாது. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தா, 1930-ங்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்க. சீக்கிரம் சொன்னா பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். சித்தி வெட்கப்பட்டு மூணு மாசம் சும்மா இருந்துடுச்சு. அந்த வெட்கத்தை நம்பித்தான் அவங்க பிழைப்பே ஓடுது.

சரி, இதுல காசே இல்லையா? இருக்கு, ஆனா வளையல்ல இல்லை. புடவை ஊக்குல.

ஒரு பெரிய ஊக்கு, அதுல தொங்குற மூணு சின்ன ஊக்கு, மொத்தம் முப்பது மணிக்குள்ள. முந்தானைக்குக் குத்திக்கிட்டா குட்டி ஜிமிக்கி மாதிரி ஆடும். ஒரு சின்ன வித்தை இருக்கு. சின்ன ஊக்குகளை, பெரிய ஊக்கோட திறக்கிற கம்பியில மாட்டக் கூடாது. அந்தக் கம்பிதான் துணியில ஏறணுமே! தட்டை ஸ்க்ரூ டிரைவரால பெரிய ஊக்கோட சுருளை லேசா நெம்பி, சின்ன ஊக்கோட சுருளை அதுவழியாச் சுத்தி எடுத்து, அசையாத கம்பிக்குக் கொண்டு வரணும். முதல் ரெண்டு தடவை திட்டிக்கிட்டேதான் செய்வீங்க. பழகினா இருபது நிமிஷத்துல ஒண்ணு. பொருள் செலவு 12 ரூபான்னு வெச்சு, 40-க்குக் கொடுத்தா 28 நிக்குது. மணிக்கு 84 ரூபா. வளையலைவிட மூணு மடங்கு. வளையல் இல்லாமகூடப் பொண்ணுங்க வெளியில போவாங்க, ஊக்கு இல்லாம புடவை கட்ட மாட்டாங்க.

இதுவும் வித்தாத்தான் காசு. தனியா உட்கார்ந்து விக்கிறது கஷ்டம்னா, உங்க ஊர் மகளிர் சுய உதவிக் குழுவைக் கேளுங்க. 1989-ல் தருமபுரியில ஆரம்பிச்ச இந்தக் குழுக்களோட பொருட்களைத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இப்போ 'மதி'ங்கிற பேர்ல விக்குது. கண்காட்சிகளும் நடத்துது. முறையாக் கத்துக்கணும்னா, மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு வங்கிகள் நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள்ல ஃபேஷன் நகை செய்யவும் இலவசமாச் சொல்லித் தர்றாங்க. அங்கே பதிவுக் கட்டணம்னு யாரும் கேக்க மாட்டாங்க.

கணக்கு முடிஞ்சதும் எனக்கு வேற ஒரு விஷயம் குத்துச்சு. காஞ்சிபுரம் கோயில் தெருக்கள்ல நரிக்குறவர் அக்காங்ககிட்ட பாசிமணி வாங்கும்போது நான் பேரம் பேசாம வாங்கினதே இல்லை. நூறுன்னா அறுபதுன்னு கேப்பேன். அவங்க கையில கம்பி முறுக்குற வேகத்தைப் பார்த்துட்டு, 'அஞ்சு நிமிஷ வேலை'ன்னு நினைச்சிருக்கேன். அந்த மாலையில எத்தனை நூறு மணின்னு இப்போதான் எண்ணத் தோணுது.

போடுறதுக்கு முன்னாடி

கடைசியா உடம்பு விஷயம். சாதாரண ஊக்கு பெரும்பாலும் இரும்பு அல்லது பித்தளை மேல நிக்கல் முலாம் பூசினது. தோலில் அலர்ஜி உண்டாக்குற உலோகங்கள்ல நிக்கலுக்குத்தான் முதல் இடம். வேர்வை பட்டா நிக்கல் இன்னும் கசியும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லயே, தோலில் படும் நகைகள்ல எவ்வளவு நிக்கல் கசியலாம்னு சட்டம் போட்டு வரம்பு வெச்சது. ஜீன்ஸ் பட்டனோ, வாட்ச்சோட பின்பக்கமோ பட்டு உங்களுக்கு எப்பவாவது அரிச்சிருந்தா, ஊக்கு வளையலும் அரிக்கும். மணிக்கட்டுப் பக்கம் படுற வெறும் கம்பியில கலர் இல்லாத நெயில் பாலிஷ் ரெண்டு கோட் அடிக்கலாம். ஆனா அது தேய்ஞ்சு போகும், திரும்பத் திரும்ப அடிக்கணும். தோல் சிவந்தா கழட்டி வெச்சிடுங்க, பிடிவாதம் வேண்டாம். ஊக்குலயே கம்மல் செஞ்சு நேரடியாக் காதுல மாட்டுறதை நான் சொல்ல மாட்டேன். தொங்கல் ஊக்குல இருக்கட்டும், காதுக்குள்ள போற கொக்கி நீங்க வழக்கமாப் போடுற வெள்ளியோ தங்கமோவா இருக்கட்டும்.

குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் போட்டுக்கிட்டு இருந்தா முலாம் போய் உள்ளே துரு ஏறும். மணிக்குள்ள துரு இறங்கினா மஞ்சள் மணி பழுப்பாகிடும். சின்னக் குழந்தைங்க இருக்கிற வீட்டுல இந்தப் பெட்டியைத் தரையில வெச்சு வேலை பார்க்காதீங்க. மணி உருண்டா வாய்க்குத்தான் போகும். நசுக்காத ஊக்கு ஒண்ணு பாயில கிடந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டாம். வேலை முடிஞ்சதும் ஊக்கை எண்ணி எடுத்து வைங்க.

நான் கோர்த்த வளையல் இப்போ ஆபீஸ்ல என் கையில இருக்கு. அஞ்சாவது கோபுரத்துல ஒரு ஊக்கு மட்டும் தலைகீழாவே போயிடுச்சு, நசுக்கின அப்புறம்தான் பார்த்தேன். சித்திக்கு போன வாரம், பக்கத்துத் தெருவுல ஒரு கல்யாணத்துக்குப் புடவை ஊக்கு பன்னண்டு கேட்டிருக்காங்க. நோட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தது. பொருள் செலவுக்கு மேல, முதல் வரியில எழுதியிருக்கு: 'நேரம் - 4 மணி'.